லாபம், ரெண்டு, மூணு

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து,
பிறப்பு இறப்புப் பிரிவு, இரண்டாம் மேசை.
மின்விசிறிக்கு நேர்கீழே உட்கார்ந்தால் தாள் பறக்கும்,
தள்ளி உட்கார்ந்தால் வேர்க்கும்.
நான் தள்ளி உட்கார்கிறவள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம்
நனைந்த உறையில் ஒரு கடிதம்.
சேன்-மொரேய் கொம்யூனிலிருந்து
எங்கள் கொம்யூனுக்கு.
அந்த ஒரு சொல்தான் எனக்குப் படிக்க வந்தது.
வைத்தவர்கள் கப்பல் ஏறிப் போனார்கள்,
சொல் ஏரிக்கரைப் படிக்கல் மாதிரி இங்கேயே கிடக்கிறது,
தினம் மிதித்துத்தான் ஆபீசுக்குள் வருகிறேன்.

லப்போர்த் வீதியில் பக்கத்துக்கு முந்நூறு வாங்கும் ஷெரீப்
தமிழாக்கிக் கொடுத்தான்:

"எங்கள் மக்கள்தொகை தொண்ணூற்றாறு.
சென்ற வியாழன் முதல் தொண்ணூற்றைந்து.
காலமானவர் தைரியநாதன் கஸ்பார்,
முன்னாள் படைவீரர், தங்கள் கொம்யூனில் பிறந்தவர்.
அவர் தாள்களில் இரண்டு பிறந்த தேதிகள் இருக்கின்றன.
கல்லில் செதுக்க எங்களுக்கு ஒன்று வேண்டும்."

தொண்ணூற்றாறு!
குருவிநத்தத்தில் ஒரு காதுகுத்துக்கு
அதைவிடக் கூட்டம் வரும்.
நெருக்கி நின்றால் மொத்த ஊரும்
காலை ஏழரை பஸ்ஸில் ஏறிவிடும்.
அந்த ஊர் மேயர் டிராக்டரும் ஓட்டுவார் போல,
கையெழுத்துக்குப் பக்கத்தில் கிரீஸ்,
பெருவிரல் ரேகை தெளிவாக.

பழைய பதிவேடுகள் இரும்பு பீரோவில்.
1949. ஓரங்களைக் கரப்பான் தின்றது போக
நூற்றுப் பதினேழாம் பதிவு:
சாய்ந்த எழுத்தில் கஸ்பார்,
அப்பா, அம்மா,
சாட்சிக்கு ஒரு வண்டிக்காரர், கைநாட்டு.
அதுவும் பெருவிரல்.

பக்கத்தில் ஒரு வெற்று ஓரம்.
கல்யாணம் ஆனால் அங்கே எழுதுவார்கள்,
செத்தாலும் அங்கேதான்.
இவருக்கு எழுபது சொச்சம் வருஷமாக
யாரும் எதுவும் எழுதவில்லை.

கணினியில் தட்டினால்
ஆள் இன்னும் ஊரில் இருக்கிறார்.
"சொல்தா வீடு" என்று கேட்டால் காட்டுவார்கள்,
அண்ணன் மகனின் ரேஷன் அட்டையில் நான்காம் பெயர்.
மாதாமாதம் அரிசிக்கணக்கில் சாப்பிட்டுக்கொண்டு
அங்கே பனியில் விறகும் பிளந்திருக்கிறார்.
அவர்கள் ஒரு ஆள் குறைந்ததை வியாழக்கிழமையோடு சொல்கிறார்கள்.
எங்கள் தொகையோ வாசல் பலகையில்
இரண்டாயிரத்துப் பதினொன்றில் எழுதியது.
பெயின்ட் மட்டும் இடையில் ஒருமுறை அடித்தோம்.

கடிதத்தின் அடியில் கையால் எழுதிய சில வரிகள்.
தமிழில் அவை இல்லை.
ஷெரீபைக் கூப்பிட்டேன்.
"அது ஆபீஸ் விஷயம் இல்லக்கா, அதான் விட்டேன்."
காசு கேட்காமல் போனிலேயே வாசித்தான்:

"ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை ஜனவரியில்
வீடு வீடாக ஆள் எண்ணப் போவோம்.
கஸ்பார் என்னோடு வருவார்.
முதல் வாசலில் 'ஒன்று' என்று சொல்லவே மாட்டார்.
'லாபம்' என்பார். அப்புறம்தான் இரண்டு.
இப்போது எங்கள் பிள்ளைகளும்
ஆட்டுக்குட்டியை, பள்ளிக்கூடப் படியை
அப்படித்தான் எண்ணுகிறார்கள்.
அதற்கு என்ன அர்த்தம்?"

மழை ஜன்னல் வழியாக மேசைக்கு வந்துவிட்டது.
பதிவேட்டை மட்டும் நகர்த்தினேன்.

ஓரத்தில் இறப்பை எழுதினேன்.
பழைய தாள், மை கொஞ்சம் ஊறிப் பரவியது.
தேதியை நகல் எடுத்து முத்திரை வைத்தேன்.
ரேஷனுக்கு ஒரு குறிப்பு,
அண்ணன் மகன் நாளைக்கே சண்டைக்கு வருவான், வரட்டும்.

கடைசிக் கேள்விக்கு நேரே இன்னும் வெற்றிடம்.
களத்தில் நெல் அளக்கையில்
முதல் மரக்காலை எவரும் ஒன்று என்பதில்லை,
இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?
"பிரெஞ்சில் லாபம்னு போட்டா
வட்டிக்கடைக்காரன் மாதிரி இருக்குமேக்கா,"
என்கிறான் ஷெரீப்.

தபால் போய்ச் சேர இருபது நாள்.
அதற்குள் அங்கே யார் வீட்டிலாவது
பிள்ளை பிறந்திருக்கலாம்.
அடுத்த ஜனவரியில் எந்த வாசலில் தொடங்குவார்களோ,
எனக்குத் தெரியாது.
என்ன சொல்லித் தொடங்குவார்கள் என்பது
தெரியும்.